சேவைப் பிரிவின் சமூகத்திற்கு ஒரு விக்ஞாபனம்

மகாராஜராஜஸ்ரீ, மலிவு விலையில் புல்வெட்டும் யந்திரங்களை உற்பத்தி செய்தும், எங்கோ உற்பத்தியானவற்றுக்குத் தங்கள் திருநாமத்தைச் சூட்டியும் விவசாயிகளை ரக்ஷித்து வரும் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவார் சமூகத்திற்கு,

பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமமொன்றில் நாற்பது தென்னை மரங்களையும், அவற்றின் அடியில் யாருடைய போஷணையையும் எதிர்பாராமல் செழிக்கும் கோரை, அருகு, பார்த்தீனியம் ஆகியவற்றையும் உடைமையாகக் கொண்ட, ஓய்வு பெற்ற கணக்கு உபாத்தியாயன் ஒருவன் அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொள்வது. இங்கே புல்லெல்லாம் க்ஷேமம். தங்கள் யந்திரத்தின் க்ஷேமத்தைப் பற்றித்தான் இந்த விக்ஞாபனம்.

மூன்று வருஷங்களுக்கு முன் ரூ. 6,800 கொடுத்து, எங்கள் ஊரில் குழந்தைகூட ‘பிரஷ் கட்டர்’ என்று அழைக்கும் 52 சி.சி. டூ-ஸ்ட்ரோக் யந்திரம் ஒன்றைத் தங்களிடமிருந்து வாங்கினேன். அதனுடன் 80 பல் வட்டக் கத்தி ஒன்று, மூன்று பல் கத்தி ஒன்று, நைலான் நரம்பு சுற்றிய தலை ஒன்று, கண்ணாடி, கையுறை ஆகியவை இனாமாக வந்தன. சீர்த் தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தவன் மாப்பிள்ளையின் இருமலைக் கவனிக்கத் தவறியது போல, இத்தனை இனாம்களின் நடுவே உதிரிப் பாகம் ஒன்றுகூட இல்லை என்பதை நான் அன்று கவனிக்கவில்லை.

இந்த ஆடியில் தென்மேற்குப் பருவமழை பெய்து புல் முழங்காலளவு நிமிர்ந்ததும், யந்திரத்தை எடுத்துக் கயிற்றை இழுத்தேன். உயிர் வந்தது, ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் போய்விட்டது. எட்டு முறை இழுத்து எட்டு முறையும் அதே கதியானபின், பெட்டியில் அச்சிட்டிருந்த எண்ணுக்குத் தொலைபேசினேன். ஒன்றை அழுத்தி, மூன்றை அழுத்தி, சங்கீதமும் கேட்டு முடித்தபின் கிடைத்த தங்கள் பிரதிநிதி, உத்தரவாதம் ஆறு மாதத்திலேயே காலாவதியாகிவிட்டதென்றும், ஆகாதிருந்தாலும் ரப்பர், பிளாஸ்டிக், கயிறு, பிளக், ஒயர் மற்றும் தேய்மானத்திற்குட்பட்ட எந்தப் பாகத்திற்கும் அது செல்லாதென்றும் மிகுந்த மரியாதையோடு தெரிவித்தார். யோசித்துப் பார்த்தால், வேதாந்திகள் ஆத்மாவுக்குச் சொல்லும் லக்ஷணமெல்லாம் வாய்ந்த, அதாவது அழியவே அழியாத பாகங்களுக்கு மட்டுமே தங்கள் உத்தரவாதம் பொருந்தும் என்று விளங்குகிறது. என் யந்திரத்தில் அப்படிப்பட்டது அந்த நீண்ட அலுமினியக் குழாய் ஒன்றுதான்.

கார்புரேட்டரிலுள்ள டயபிரம் மட்டும் கிடைக்குமா என்று விசாரித்தேன். டயபிரம் தனியாக விற்பதில்லை. முழுக் கார்புரேட்டராகத்தான் விற்பது. அந்த மாடலின் கார்புரேட்டரோ இப்போது வருவதில்லை. ஆகவே தாங்கள் புதிய மாடல் ஒன்றை வாங்கிக்கொள்வதே உசிதம், பழையதற்கு ரூ. 500 கழித்துக்கொள்கிறோம் என்றார். பல்வலிக்காரனிடம் புதுத் தலைக்கு விலை சொன்ன வைத்தியரை நான் அன்றுதான் சந்தித்தேன்.

பெரியோர் வாக்கைத் தட்டக்கூடாது என்று வளர்க்கப்பட்டவனாதலால், ஒரு கையில் ஸ்குரூ டிரைவரும் மறு கையில் தங்கள் விலைப்பட்டியலுமாகத் திண்ணையில் அமர்ந்து, பழையதற்குச் சிகிச்சையையும் புதியதற்குத் தேர்வையும் ஏககாலத்தில் தொடங்கினேன். எண்ணெய் கலக்கும் தொல்லையற்ற ஃபோர்-ஸ்ட்ரோக் யந்திரங்களின் விலையைப் பார்த்து என் பென்ஷன் தலையைக் குனிந்துகொண்டபடியால், டூ-ஸ்ட்ரோக் வகையிலேயே நின்றேன். ஒன்று மஞ்சள், ஒன்று பச்சை, ஒன்று ஆரஞ்சு. ஒன்று ‘ப்ரோ’, ஒன்று ‘மேக்ஸ்’. திண்ணையில் கிடந்த பழைய யந்திரத்தின் பக்கத்தில் படங்களை வைத்து, திருகாணி திருகாணியாக ஒப்பிட்டதில், பழையதும் சேர்ந்து நான்கும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதும், வர்ணம் மாறியதைத் தவிர வேறு அவதார விசேஷம் எதுவுமில்லை என்பதும் புலனாயிற்று.

இந்நிலையில், 1980-இல் டி.வி.எஸ். 50 வந்த காலத்திலிருந்து டூ-ஸ்ட்ரோக் என்ஜின்களோடு குடித்தனம் நடத்தி வரும் எங்கள் ஊர் மெக்கானிக்கிடம் யந்திரத்தைத் தூக்கிச் சென்றேன். அவர் பிளக்கைக் கழற்றிப் பார்த்து வைத்துவிட்டு, கார்புரேட்டரைப் பிரித்து, பழைய நாலணா அளவுள்ள ஒரு கறுப்பு ஜவ்வை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “பெட்ரோலைத் தொட்டியிலயே உட்டுப்போட்டீங்களாட்ட இருக்குதுங்க வாத்தியாரே, ரப்பரு வெறச்சுப்போச்சுங்க” என்றார்.

மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டரில் மிதவை ஒன்று இருந்து பெட்ரோலை அளந்து விடுகிறது. வரப்பிலும் சரிவிலும் எப்படிச் சாய்த்தாலும் ஓடவேண்டிய பிரஷ் கட்டரிலோ மிதவை பயன்படாது என்பதால், என்ஜினின் சுவாசத்திற்கேற்ப ஏறி இறங்கும் டயபிரம் என்னும் மெல்லிய ஜவ்வே அந்த வேலையைச் செய்கிறது. அது விறைத்தால் எரிபொருள் போதாமல், ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் என்ஜின் மடிகிறது. இக்காலத்துப் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை ஈர்ப்பதுடன், அதற்கென்று செய்யப்படாத ரப்பரையும் கெடுக்கிறது. தை முதல் ஆனி வரை தொட்டியை வடிக்காமல் வைத்தது என் பிசகுதான். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் தங்கள் கையேடு இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கையேட்டைப் பற்றியும் ஒரு சந்தேகம். எண்ணெயை 25:1 விகிதத்தில் கலக்குமாறு பெட்டி சொல்கிறது. லிட்டருக்கு 25 மில்லி கலக்குமாறு கையேடு சொல்கிறது. 25:1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி. லிட்டருக்கு 25 மில்லி என்றால் விகிதம் 40:1. இவ்விரண்டும் ஒன்றென்று எழுதியவர் என் பழைய மாணாக்கராக இருக்கக்கூடும் என்ற அச்சத்தால், இதை மேலும் வற்புறுத்தாமல் விடுகிறேன்.

தாங்கள் இல்லையென்று சாதித்த டயபிரத்தைத் தேடிக் கோயம்புத்தூர் சென்றேன். உதிரிப் பாகக் கடைக்காரர் என் யந்திரத்தின் பெயரைக் கேட்கவில்லை. தங்கள் திருநாமத்தை நான் உச்சரித்தபோதும் அவர் முகத்தில் சலனமில்லை. “எத்தனை சி.சி.?” என்று மட்டும் கேட்டுவிட்டு, ஷாம்பூப் பொட்டலம் போலச் சரஞ்சரமாகத் தொங்கியவற்றில் ஒன்றைக் கிள்ளிக் கொடுத்தார். இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது: அந்தப் பாகம் உலகத்தில் இல்லாமற் போகவில்லை, தங்கள் விருப்பத்தில் மட்டுமே இல்லாமற் போயிருக்கிறது.

நரம்பால் புல் வெட்டும் இந்த யந்திரத்தின் பூர்வோத்தரத்தையும் தங்களுக்கு நினைவூட்ட அனுமதி வேண்டும். 1971-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில் ஜார்ஜ் பால்லஸ் என்பவர், கார் கழுவும் நிலையத்தில் சுழலும் தூரிகைகளைக் கண்டு யோசனை தோன்றி, ஒரு தகர டப்பாவில் துளையிட்டு, தூண்டில் நரம்பைக் கோத்து, அதைத் தோட்டக் கருவி ஒன்றில் மாட்டிச் சுழற்றிப் பார்த்தார். அவர் நாட்டியப் பள்ளி நடத்தியவர், யந்திர சாஸ்திரியல்ல. வீட்டில் கிடந்ததைக் கொண்டு எவனும் ஒட்டுப்போடலாம் என்ற தைரியத்தில் பிறந்த கருவி அது. அதன் சந்ததியை, நாலணா அகல ரப்பர் ஒன்று விறைத்த மாத்திரத்தில் குப்பையில் போடச் சொல்கிறீர்கள்.

2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமையைப் பற்றி ஆராய ஒரு குழு அமைத்தது. அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் கைபேசிக்கும் காருக்கும் வீட்டுச் சாதனங்களுக்கும் சமமாக விவசாயக் கருவிகளும் இடம்பெற்றன. அச்செய்தி தங்கள் காரியாலயத்தை இன்னும் எட்டவில்லை போலும். யாரேனும் அதைத் தங்கள் மலிவு விலை யந்திரத்தில் ஏற்றி அனுப்பியிருந்தால் வழியிலேயே நின்றிருக்கும்.

ஆகையால் என் பிரார்த்தனை இவ்வளவே. அடுத்த பெட்டியில் கண்ணாடியையும் கையுறையையும் வையுங்கள். கூடவே ஒரு டயபிரத்தையும், ஒரு முழம் பெட்ரோல் குழாயையும், ஒரு ஃபில்டரையும், தமிழில் ஒரு பக்கத்தையும் வையுங்கள். விலையில் ரூ. 300 கூட்டிக்கொள்ளுங்கள், வாங்குகிறவன் அதற்காக வருந்தமாட்டான்.

தாங்கள் சிபாரிசு செய்த புதிய மாடலை நான் வாங்கவில்லை. பழையதற்கு டயபிரம் ரூ. 120, குழாய் ரூ. 40, ஃபில்டர் ரூ. 50, மெக்கானிக் கூலி ரூ. 150, ஆக ரூ. 360. நேற்று மாலை இரண்டாவது இழுப்பில் ஓடியது. நாற்பது மரத்தடியில் முப்பத்தொன்று சுத்தமாகிவிட்டது. பாக்கி ஒன்பதை நாளைக்கு வெட்டிவிட்டு, மறக்காமல் தொட்டியை வடித்து வைப்பேன்.

இங்ஙனம்,
தங்கள் பழைய வாடிக்கையாளன்