ஸ்கேன்ல ஒண்ணுமில்லீங்க

2020 டிசம்பர் 4, கான்பெரா, டி20 கிரிக்கெட். மிட்செல் ஸ்டார்க் வீசிய பந்து ரவீந்திர ஜடேஜாவின் ஹெல்மெட்டில் அடித்தது. அவருக்குப் பதிலாக இறங்கிய சஹல் மூன்று விக்கெட் எடுத்து ஆட்ட நாயகன் ஆனார். ஜடேஜாவுக்கு அந்தத் தொடரின் மிச்ச டி20 ஆட்டங்களிலும் ஓய்வு. மண்டை அதிர்ந்தவன் ஆடக்கூடாது, பதில் ஆள் வரலாம் என்று ஐ.சி.சி. 2019-லேயே விதி போட்டுவிட்டது.

நல்ல விதிதான். அந்தியூர்த் தறிப்பட்டறைகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை. வழியில் பவானியிலேயே இறங்கிவிட்டது போலிருக்கிறது.

இங்கே ராத்திரி ஷிப்டு முடிந்து பைக்கில் போகிறவன் மாடு குறுக்கே வந்து விழுகிறான். தமிழக அரசு 2021-ல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அதைக் குறை சொன்னால் நாக்கு அழுகும். பல உயிர் பிழைத்திருக்கிறது. ஆனால் மூளை அதிர்ச்சிக்கு அரசாணை படிக்கத் தெரியாது. 49-ஆம் மணி நேரத்திலும் அது கிளம்பாமல் உட்கார்ந்திருக்கும், சிலருக்கு மாதக்கணக்கில்.

சி.டி. ஸ்கேன் ரத்தக்கசிவைக் காட்டும், எலும்பு முறிவைக் காட்டும். வெறும் அதிர்ச்சியைக் காட்டாது. ஓனருக்கு அது போதும். "ஸ்கேன்ல ஒண்ணுமில்லீன்னு போட்டிருக்குதாமா. அப்பறம் எதுக்குஞ் சாமி லீவு? நாளைக்கு வந்து தறிய ஓட்டு கண்ணு." எத்தனை பாசம்!

ஓரிரு நாள் ஓய்வு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வேலை. அதிக வெளிச்சமும் சத்தமும் ஆகாது என்கிறது மருத்துவம். தறிக் குடோனில் வேறென்ன இருக்கிறது? பக்கத்தில் நிற்பவன் பேசுவதை உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த இரைச்சலில், டியூப் லைட்டுக்குக் கீழே, பன்னிரண்டு மணி நேரம். மண்டை கிறுகிறுக்கிறது, அறுந்த இழை கண்ணில் படவில்லை, துணியில் குறை விழுகிறது. அந்தக் குறையை மட்டும் எந்த ஸ்கேனும் இல்லாமல் கண்டுபிடித்துவிடுகிறார்கள். சனிக்கிழமை கூலியில் பிடித்தம்.

குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தைக்கு வந்த குதிரை நொண்டினால் யாரும் அதை ஓட்டிக் காட்டச் சொல்வதில்லை. கட்டிவைத்துத் தீனி போடுவார்கள். குதிரைக்கு விலை உண்டே.

ஈ.எஸ்.ஐ. இருந்தால் நோய்க்கு ஆண்டுக்கு 91 நாள் வரை, கூலியில் 70 விழுக்காடு கிடைக்கும். அதற்குப் பட்டறையில் பத்துப் பேராவது வேலை செய்யவேண்டும். இங்கேதான் கொங்குக் கணக்கு சூரத்தனம் காட்டுகிறது: இந்தப் பக்கம் ஒன்பது பேர், நடுவே ஒரு செங்கல் சுவர், அந்தப் பக்கம் மச்சினன் பெயரில் இன்னும் ஒன்பது பேர். கரண்ட் பில்லும் இரண்டு. லாபம் மட்டும் ஒரே வீட்டுக்கு.

படுத்துக்கொள்ளலாம் என்றாலும் முடியாது. வாங்கிய முன்பணம் நோட்டில் நிற்கிறது. பதில் ஆள் உடனே கிடைப்பான், ஆனால் தேறி வந்து பார்த்தால் தறி அவனுடையது.

தொழிலாளர் துறை ஐயாமார் ஒருநாள் ராத்திரி ஷிப்டுக்கு வரட்டும், ஓனருக்கு முன்கூட்டிப் போன் போடாமல். சுவருக்கு இரண்டு பக்கமும் நின்று தலைகளை எண்ணட்டும். அதில் எத்தனை கிறுகிறுக்கிறது என்றும், தறியை நிறுத்தச் சொல்லிவிட்டு, கேட்கட்டும்.