ஒரு கைப்பிடிக்கான கருணை மனு

அனுப்புநர்: இரண்டாம் தளத்தில் இன்னும் மரக்கதவு வைத்திருக்கும் வீட்டுக்காரி.

பெறுநர்: செயலாளரும் செயற்குழுவினரும், எங்கள் அடுக்ககக் குடியிருப்போர் நலச் சங்கம், சென்னை.

பொருள்: மாடிப்படித் தேக்குக் கைப்பிடியை அகற்றி எவர்சில்வர் குழாய் பொருத்துதல் – வாசற்கதவுகளை ஒரே நிறத்துக்கு மாற்றுதல் – கருணை கோருதல் – தொடர்பாக.

பார்வை: மோட்டார் அறைக் கதவில் ஒட்டப்பட்ட தங்கள் சுற்றறிக்கை.

ஐயா,

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகுவதைப் பற்றிப் பேச ஆள் சேரவில்லை என்று பலமுறை கூட்டத்தைத் தள்ளிவைத்த செயற்குழு, வாசற்கதவின் நிறம் என்றதும் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஒருவர் விடாமல் கூடியது என்று கேள்விப்பட்டு நெகிழ்ந்துபோனேன். எது அவசரம், எதை ஆறப்போடலாம் என்று பிரித்தறியும் பக்குவம் எல்லாச் சங்கங்களுக்கும் வாய்ப்பதில்லை.

சுற்றறிக்கையின் முதல் பத்தி, படிக்கட்டின் தேக்குக் கைப்பிடி 'உபயோகத்துக்கு லாயக்கற்றது' என்று தீர்ப்பளிக்கிறது. நான்கு குற்றச்சாட்டுகள்: கறுத்துவிட்டது, கை வைத்தால் பிசுபிசுக்கிறது, ஆடுகிறது, கரையான் அரித்துவிட்டது. குற்றவாளிக்கு வாய் இல்லாததால் அதன் சார்பில் நான் பேச அனுமதிக்க வேண்டும்.

கரையானிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் கேட்கப் பயமாக இருக்கிறது. கரையான் வந்தால் பெரும்பாலும் மண் புற்றுக் கோடு ஏறியிருக்கும். இங்கே ஒரு கோடும் இல்லை. குழு பார்த்தது, முதல் தளத்துத் தூணொன்றில் இருக்கும் குண்டூசித் துளைகளை. அவை உளுத்ததன் அடையாளம். செய்தது வேறு பூச்சி. தேக்கில் வைரம் பாய்ந்த பகுதியை அது சீந்தாது, ஓரத்து வெள்ளைப் பகுதியைத்தான் தின்னும். துளைக்குக் கீழே புது மாவு கொட்டியிருந்தால் பூச்சி உள்ளே இருக்கிறது என்று பொருள். நான் அடியில் வெள்ளைத்தாள் விரித்து வைத்துப் பார்த்துவிட்டேன், ஒரு துகள்கூட விழவில்லை. சாப்பிட்டுவிட்டு எப்போதோ எழுந்துபோன விருந்தாளிக்காக இன்று வீட்டையே இடிக்கிறோம்.

ஆடுகிறது என்பது உண்மை. சுவரோடு பிடித்திருக்கும் இரும்புத் தாங்கிகளின் திருகுகள், மரத்தில் துளை பெரிதாகி, பிடிப்பு விட்டுவிட்டன. மருந்து முனை கிள்ளிய தீக்குச்சிகளை ஃபெவிக்காலில் தோய்த்துத் துளைக்குள் நெருக்கி அடித்து, ஒரு நாள் காயவிட்டு, நீட்டியிருப்பதை அறுத்துவிட்டுத் திரும்பத் திருகினால் இறுகிக்கொள்ளும். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு, பசை சரியாக ஒட்டாது. அதனால் முதலில் துளையைத் தின்னர் தொட்ட பஞ்சால் துடைத்துக்கொள்வது நல்லது. இதற்கான செலவுக்குக் குழு தீர்மானம் தேவைப்படாது, ஒரு தீப்பெட்டியை நானே தருகிறேன்.

கறுப்பு என்பது மரத்தின் நிறம் அல்ல. நம் எல்லோருடைய தலையிலிருந்தும் கைக்கு வந்து, கையிலிருந்து கைப்பிடிக்குப் போன தேங்காயெண்ணெய் அது. மேலே தெருப் புழுதி. வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்பு கரைத்து, நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்தால் பாதி போய்விடுகிறது.

பிசுபிசுப்புதான் சுவாரசியமான வழக்கு. திருப்பத்தில், யார் கண்ணிலும் படாத அடிப்பக்கத்தில், பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். பழுப்பு நிறம் கரைந்து பஞ்சில் ஏறியது. இப்படிக் கரைந்தால் அது அரக்குப் பாலிஷ் என்று அர்த்தம். வார்னிஷாக இருந்தால் இவ்வளவு சுலபத்தில் மசியாது. புரசு, இலந்தை மரக் கிளைகளில் ஒட்டி வாழும் ஒரு சின்னஞ்சிறு பூச்சியின் சுரப்புதான் அரக்கு. ஜார்க்கண்டில் நிறைய விளைகிறது. செதிளாக வாங்கி ஸ்பிரிட்டில் ஊறப்போட்டுப் பூசுவார்கள். அழகான பூச்சு, ஆனால் ஆல்கஹால் பட்டால் இளகிவிடும். 2020-இல் படிக்கட்டின் அடியில் சங்கம் கட்டித் தொங்கவிட்ட சானிட்டைசர் குப்பி நினைவிருக்கிறதா? அத்தனை பேரும் அதில் கையை நனைத்துக்கொண்டு, அந்த ஈரத்தோடு கைப்பிடியைப் பிடித்து ஏறினோம். தொற்றுக்கு அது என்ன செய்ததோ, பாலிஷை நன்றாகவே கவனித்துக்கொண்டது. சங்கம் தன் கையாலேயே இளக்கிய பூச்சுக்காக மரத்துக்குத் தண்டனை கொடுப்பது நியாயமா என்பதைத் தங்கள் மேலான பரிசீலனைக்கு விடுகிறேன்.

அரக்கில் ஒரு வசதி உண்டு. புதிதாகப் பூசுவது அடியிலிருக்கும் பழையதைச் சற்றே கரைத்து அதனோடு ஒன்றாகிவிடும். முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை. நம் செயற்குழுத் தேர்தலும் பல ஆண்டுகளாக இந்த முறையில்தான் நடப்பதால், குழுவுக்கு இது புரியாத தொழில்நுட்பமாக இருக்காது. அதிகம் கெட்ட இடங்களில் மட்டும் 120 உப்புத்தாள், பிறகு 220. ரேகை ஓடும் வாட்டத்திலேயே தேய்க்க வேண்டும்; குறுக்கே இழுத்த கீறல் அப்போது தெரியாது, பாலிஷ் ஏறியதும் எழுந்து நிற்கும். பிறகு பஞ்சை மெல்லிய துணியில் பொட்டலமாகக் கட்டி, அரக்கில் தொட்டு, மெலிசாக மெலிசாகத் தீற்றிக்கொண்டே போக வேண்டும். பொறுமை வேண்டும் என்பதைத் தவிர வேறு தகுதி தேவையில்லை.

'மரவேலையால் இரைச்சலும் தூசியும்' என்று சங்க விதி 7 கவலைப்படுகிறது. தூசியைப் பற்றிக் குழு கவலைப்படுவதை வரவேற்கிறேன். சென்ற பொங்கலுக்கு முன்பு, குழந்தைகள் விளையாடும் இடத்து ஊஞ்சலையும் வாசல் கேட்டையும் தங்கள் ஒப்பந்தக்காரர் தண்ணீர் தொடாமலே சுரண்டினாரே, அந்தப் பச்சைத் தூசி இரண்டு நாள் மணலில் கிடந்ததே, அதுவும் விதி 7-இல் வருமா? வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருப்பதாகவே எடுத்துக்கொண்டு, தண்ணீர் தொட்டுத் தேய்த்து, முகக்கவசம் போட்டு, கழிவை வாரி எடுத்திருக்க வேண்டும். குழந்தைகள் வாய் திறந்து மனு கொடுக்காததால் விட்டுவிட்டீர்கள் போலும்.

இனி என் வாசற்கதவு. மழைக்காலத்தில் இறுகிக்கொண்டு திறக்க மறுக்கிறது, ஆகவே கெட்டுவிட்டது என்கிறீர்கள். ஈரம் குடித்தால் பலகை அகலவாட்டில் ஊதும், நீளவாட்டில் அநேகமாக அசையாது. ஐப்பசி அடைமழையில் இழைப்புளி எடுத்துச் சீவிவிட்டால், சித்திரையில் அதே கதவு சுருங்கி, எதிர்வீட்டு டிவி தொடர் முழுவதும் இடைவெளி வழியாக வீட்டுக்குள் வந்துவிடும். செய்ய வேண்டியது வேறு. கதவின் மேல் விளிம்பிலும் அடி விளிம்பிலும் யாரும் பாலிஷ் போடுவதில்லை, கண்ணுக்குத் தெரியாதே என்று. ஈரம் அந்த வழியாகத்தான் அதிகம் ஏறுகிறது. கோடையில் கீலைக் கழற்றி, அந்த இரண்டு விளிம்புகளையும் அடைத்துப் பூசினேன். இப்போது மழையில் கொஞ்சம் முனகுகிறது, அவ்வளவே. பித்தளைக் குமிழைப் புளி போட்டுத் தேய்த்திருக்கிறேன்; அது மின்னுவது விதிமீறல் என்றால் தெரிவிக்கவும்.

இந்தக் கதவுக்குப் பதிலாகக் குழு பரிந்துரைக்கும் 'வால்நட் நிற' லேமினேட் கதவின் மாதிரியைப் பார்த்தேன். மேலே தெரியும் ரேகை, பிசினில் தோய்த்த காகிதத்தில் அச்சடித்தது. அதாவது, மரத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மரத்தின் படத்தை மாட்டச் சொல்கிறீர்கள். படம் ஓரத்தில் உரிந்தால் உப்புத்தாள் போட முடியாது, காகிதம்தான் கிழியும். படத்துக்கு அடியிலிருக்கும் துகள் பலகையில் தண்ணீர் இறங்கினால் ஊதியது ஊதியதுதான், வெயிலில் வைத்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. பழையதே கூடாது என்பது குழுவின் கொள்கையா என்றால் அதுவும் இல்லை. பொருளாளர் சார் தாத்தா காலத்து எழுது மேசையைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு, புதிதாகச் செய்து சங்கிலியால் அடித்துத் தழும்பு உண்டாக்கிய ஒரு மேசையை 'ஆன்டிக்' என்று நல்ல விலைக்கு வாங்கி வைத்திருக்கிறார். காயம் காசு கொடுத்து வாங்கியதாக இருக்க வேண்டும், வாழ்ந்து பட்டதாக இருக்கக்கூடாது என்று புரிந்துகொண்டேன்.

கடைசியாக ஒரு சந்தேகம். ஒப்பந்தக்காரர் கொடுத்த மதிப்பீட்டின் நகலைக் கேட்டு வாங்கினேன். எவர்சில்வர் குழாய்க்கு ஒரு தொகை, கூலிக்கு ஒரு தொகை. மூன்றாவதாக, 'பழைய கைப்பிடியை அப்புறப்படுத்தும் கட்டணம்' என்று ஒரு வரி. பழைய தேக்கு கன அடி ஆயிரக்கணக்கான ரூபாய்க்குப் போகிறது. இடித்த வீட்டு மரம் விற்கும் எந்தக் கடையிலும் விசாரித்துக்கொள்ளலாம். மூன்று தளத்துக் கைப்பிடியையும் தூண்களையும் எடுத்துப்போக அவர் நமக்குப் பணம் தர வேண்டியிருக்க, நாம் அவருக்குத் தருகிறோம்.

ஆகவே, கைப்பிடியை எனக்கு ஒரு கோடைக்காலம் விட்டுத்தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அகற்றியே தீருவது என்று குழு உறுதியாக இருந்தால், அப்புறப்படுத்தும் வேலையைக் கட்டணமில்லாமல் நானே செய்துதருகிறேன். குட்டி யானை வாடகையும் என்னுடையதே.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சந்தா பாக்கி இல்லாத உறுப்பினர்.