16 ஜிபி வேப்பமரம்

தாய்மாமன் சீரில் கிராபிக்ஸ் கார்டு எந்த வருஷம் சேர்ந்தது என்று தெரியவில்லை. காதுகுத்துக்குத் தோடு போட்டாயிற்று, சடங்குக்குப் பட்டு எடுத்தாயிற்று, இனி கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுத்தால் கடமை முடிந்தது என்றிருந்தவனை மதுரையிலிருந்து அக்கா கூப்பிட்டாள்.

“பாப்பா ஆர்க்கிடெக்சர் மூணாம் வருஷம் போறாடா. அதுக்கு சாதா கம்ப்யூட்டர் பத்தாதாம். நீ மெட்ராஸ்லதானே இருக்க, ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம்தானே?”

நான் இருப்பது தாம்பரத்துக்கும் தள்ளி. மதுரையிலிருந்து பார்த்தால் செங்கல்பட்டைத் தாண்டிய எல்லா இடமும் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் பக்கம்தான். சரி என்றேன். பாதி மச்சான், பாதி நான், மொத்தம் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்குள் என்று பேச்சு.

கம்ப்யூட்டர் வாங்கப்போகிற சேதி குடும்ப வாட்ஸப் குழுவுக்குப் போய்விட்டால், அப்புறம் அது உங்கள் கம்ப்யூட்டர் இல்லை. முதலில் வந்தவர் சித்தப்பா. “புதுசு எதுக்கு? என்கிட்ட ஐ7 இருக்கு, எடுத்துக்கட்டும். அதுக்கு மேல எதுவும் கிடையாது.” சித்தப்பாவிடம் இருப்பது 2012இல் வந்த மூன்றாம் தலைமுறை 3770. நாலு கோர், எட்டு த்ரெட். அந்தக் காலத்தில் கொடிகட்டிப் பறந்த சரக்குதான். பத்து வருஷம் கழித்து 2022இல் வந்த ஐ3 12100க்கும் அதே நாலு கோர், எட்டு த்ரெட். வேகத்தில் அந்தச் சின்ன ஐ3 சித்தப்பாவின் ஐ7ஐ ஓரமாக உட்காரவைத்துவிடும். தலைமுறையைச் சொல்லாமல் ஐ7 என்று மட்டும் சொன்னால் ஒன்றும் சொன்னதாகாது. ஆனால் இதைச் சித்தப்பாவிடம் போய் யார் சொல்வது? அவர் வீட்டில் அது இன்றைக்கும் காலை ஐந்து மணிக்குத் தடங்கல் இல்லாமல் பக்திப் பாடல் போடுகிறது. குழுவில் எல்லோரும் ஆளுக்கொரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனோம்.

மச்சான் கட்சி லேப்டாப். “எங்க வேணும்னாலும் தூக்கிட்டுப் போலாம்ல?” நியாயமான வாதம். அக்கா மகள் மடக்கிவிட்டாள். வகுப்புக்குத் தூக்கிப்போக ஏற்கெனவே ஒரு பழைய லேப்டாப் இருக்கிறது. வரைந்த மாடலை நிஜப் படம்போல ஆக்குகிற ரெண்டர் ராத்திரி முழுக்க ஓடப்போவது வீட்டில். அதோடு இந்த லேப்டாப் கார்டு விவகாரத்தில் ஒரு உள்ளடி இருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 4060 என்ற கார்டு, டெஸ்க்டாப்பில் 115 வாட் தின்னும். லேப்டாப்பில் அதே பெயருக்குக் கம்பெனிக்காரர் இஷ்டம்போல் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எதையாவது கொடுக்கலாம். பெட்டியின்மேல் பெரிதாகப் போட்டிருப்பது 4060 மட்டும்தான். வாட் கணக்கைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நம் வீட்டுப் பழைய டியூப் லைட்டே 40 வாட்.

இத்தனை பேரில் எதையுமே எதிர்க்காதவன் அவள் தம்பி ஒருவன்தான், பிளஸ் டூ படிக்கிறவன். “அக்கா கேக்கறதவிட ஒரு படி மேலயே வாங்கிக் குடுங்க மாமா” என்றான். உடன்பிறந்த பாசத்தைப் பார்த்து அவன் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எந்தக் கார்டில் எந்த கேம் எத்தனை ஃபிரேம் வரும் என்று இயற்பியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவன் அட்டவணை போட்டு வைத்திருந்தது பிற்பாடுதான் தெரிந்தது.

உபயோகிக்கப்போகிறவளை யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன், கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் என்பதால். பில் போடுமுன் எதற்கு வாங்குகிறோம் என்று எழுத ஒரு வரி வேண்டுமே.

“நான் பண்றது ரெண்டு வேலை மாமா. மாடல் பண்றது ஒண்ணு, ரெண்டர் போடறது ஒண்ணு. ரெவிட்லயும் ஸ்கெட்ச்அப்லயும் மாடல் பண்ணும்போது பெரும்பாலும் ஒரு கோர்தான் வேலை செய்யும். மீதி ஏழும் சும்மா இருக்கும்.”

முப்பது வருஷம் ஆபீஸ் போனவனுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

“அப்ப எதுக்கு எட்டு?”

“வி-ரேயில சிபியூ ரெண்டர் போட்டா எட்டும் சேர்ந்து இறங்கும். ஆனா ஜூரிக்கு, அதான் சாருங்க மேடமுங்க உக்காந்து டிசைனைப் பாக்கற நாளுக்கு, முந்தின ராத்திரி அதுக்கு நேரம் இருக்காது. லூமியன், என்ஸ்கேப், டி5னு கார்டுல ஓடறதுலதான் எடுப்போம்.”

அதாவது, பகல் பூராவும் ஒரு கோர். ராத்திரியில் கார்டு. எட்டு கோரும் ஒன்றாகக் கைகோப்பது அபூர்வம். பதினாறு கோர் வாங்கு என்று சொன்ன அத்தனை பேரும் அந்த அபூர்வ நாளுக்குச் செலவு செய்யச் சொன்னார்கள். அவள் கேட்டது ரைசன் 7 7700. எட்டு கோர், 65 வாட், ஒற்றைக் கோர் வேகத்தில் குறையில்லாதது. ஆட்டோகேடும் ரெவிட்டும் மாணவர்களுக்குச் சும்மாவே கிடைக்கிறது என்று அவள் சொன்னபோது என் மனசு குளிர்ந்தது. மென்பொருள் செலவு பூஜ்யம் என்று எழுதி அடிக்கோடு போட்டேன். அடுத்த வரியில் கார்டு வந்தது.

“என்ன பிராஜெக்ட்?”

“கிராமத்துல தொடக்கப்பள்ளி மாமா. எட்டு கிளாஸ்ரூம்.”

“எட்டு கிளாஸ்ரூம் வரையறதுக்கு 16 ஜிபி மெமரி உள்ள கார்டா?”

“கட்டடம் ஒண்ணுமே இல்ல மாமா. மரந்தான்.”

இந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. கட்டடம் என்பது நாலு சுவர், ஒரு கூரை. கம்ப்யூட்டருக்கு அது தூசு. முன்னால் நிற்கிற வேப்பமரத்துக்கு இலை இருக்கிறது. ஒவ்வோர் இலைக்கும் விளிம்பு, நரம்பு, வெயில் பட்டால் பளபளப்பு, கீழே நிழல். அப்புறம் புல், ஒவ்வொரு புல்லாக. செங்கல் சுவருக்கு ஒட்டுகிற படம் இருக்கிறதே, டெக்ஸ்ச்சர், அது பென்டிரைவில் ஐந்தாறு எம்பி ஜேபெக்காகச் சாதுவாக இருக்கும். கார்டுக்குள் போய்ச் சுருக்கம் நீங்கிக் காலை நீட்டிப் படுத்தால் வேறு கதை. 4கே படம் என்றால் 4096க்கு 4096 புள்ளி, புள்ளிக்கு நாலு பைட். பெருக்கிப் பார்த்தேன், 64 எம்பி. அதுவும் நிறத்துக்கு மட்டும். மேடு பள்ளத்துக்கு ஒன்று, பளபளப்புக்கு ஒன்று என்று மூன்று படம் சேர்ந்தால் ஒரே ஒரு செங்கல் சுவருக்கு 200 எம்பியை நெருங்குகிறது. தரை, ஓடு, கதவு, கரும்பலகை எல்லாம் இப்படியே வரிசையாக வந்து படுத்தால் 8 ஜிபி கார்டில் இடம் போதாது. நிரம்பிவிட்டால் ஒன்று நத்தை வேகம், இல்லாவிட்டால் புரோகிராம் மூடிக்கொள்ளும். பெரும்பாலும் விடிகாலை மூன்று மணிக்கு மூடிக்கொள்ளும்.

இதற்கு ஒரு சிக்கனம் உண்டு என்றும் சொன்னாள். ஒரே வேப்பமரத்தைத் திருப்பித் திருப்பி நூறு இடத்தில் நட்டால், மெமரியில் அது ஏறக்குறைய ஒரு மரத்துக்கான இடத்தைத்தான் பிடிக்கும். வேம்பு, புங்கை, பூவரசு, வாகை என்று வகைவகையாக நட்டால் ஒவ்வொன்றுக்கும் தனி இடம். ஆர்க்கிடெக்சர் மாணவர்களின் படங்களில் ஊர் முழுக்க ஒரே மரம் வெவ்வேறு பக்கம் திரும்பி நிற்பதன் ரகசியம் இதுதான்.

மனிதர்கள் சங்கதி இன்னும் விசேஷம். அவள் சீனியர் ஒருவரின் படத்தை அனுப்பியிருந்தாள். தென் மாவட்டத்துப் பேருந்து நிலையமாம். பொன்னிறக் கூந்தல் பெண்மணி ஒருத்தி அரைக்கால் சட்டையில் ஓடிக்கொண்டிருக்கிறாள். கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் காபிக் கோப்பையும் நாய்க்குட்டியுமாக உசிலம்பட்டி பஸ்ஸுக்கு நிற்கிறார். பூக்காரம்மா இல்லை, முறுக்குக் கூடை இல்லை, சுவரில் ஒரு போஸ்டர் இல்லை. மென்பொருளோடு வருகிற ஆட்கள் இவர்கள்தானாம். நம்மூர் ஆள் வேண்டுமென்றால் தேடி எடுத்துச் சேர்க்க வேண்டும், அதற்கு ராத்திரி நேரமிருக்காது.

2025 டிசம்பரில் அக்காவும் மகளும் ரயிலேறி வந்தார்கள். ஒரு காலத்தில் ரேடியோ சாமான்களுக்குப் பேர்போன ரிச்சி ஸ்ட்ரீட்டில், அண்ணா சாலைச் சத்தம் கேட்கிற தூரத்தில், மாடிப்படிக்குக் கீழிருந்த ஒரு கடையில் நின்றோம். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ என்றதும் கடைத்தம்பி சொன்ன விலை எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. அக்கா முகம் மலர்ந்தது, மகள் முகம் சுருங்கியது. “இது 8 ஜிபியா, 16ஆ?” அதே வருஷம் ஏப்ரலில் வந்த அந்தக் கார்டு ஒரே பெயரில் இரண்டு விதமாக வருகிறது. “டிஐ ஒண்ணுதான்மா, மெமரி மட்டும் பாதி” என்றார் தம்பி, அது ஒரு சின்ன விஷயம்போல. வேப்பமரத்தை நினைத்துக்கொண்டு 16க்கே பணம் கட்டச் சொன்னேன். இந்த ஒரு இனத்தில் மிச்சம் பிடிப்பதைவிட மானிட்டரை ஒரு சுற்றுச் சின்னதாக வாங்கிவிடலாம்.

பெட்டி வந்தது. அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் கேமிங் என்று இருந்தது.

“பாப்பா படிக்கத்தானே வாங்கறோம். இதுல ஏன் கேமிங்னு போட்டிருக்கு?”

“எல்லாத்துலயும் அப்படித்தாம்மா போட்டிருக்கும்” என்றார் தம்பி. உண்மைதான். அடுக்கில் பார்த்தேன். ரேமுக்கு வெஞ்சென்ஸ், ரிப்ஜாஸ், ஃபியூரி. மதர்போர்டுக்கு டோமஹாக், மோர்ட்டார். இத்தனை ஆயுதங்களும் ஒரு தொடக்கப்பள்ளியை வரைவதற்கு. மகள் பொறுமையாக விளக்கினாள். கார்டு ஒன்றேதான். விளையாடுகிறவர்கள் கேம் ரெடி டிரைவர் போட்டுக்கொள்வார்கள், வேலை செய்கிறவர்கள் ஸ்டூடியோ டிரைவர் போட்டுக்கொள்வார்கள்.

அக்கா தம்பியைப் பார்த்தாள். “அப்ப ஸ்டூடியோன்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக் குடுங்க.”

ரேமில்தான் எனக்கு வியர்த்தது. 32 ஜிபி, 16ஆக இரண்டு. ஒற்றைக் குச்சியாக 32 வாங்கினால் ஒரு சேனல் காலியாகக் கிடக்கும். “இந்த ரேட் இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும்தான் சார்” என்றார் தம்பி. வியாபாரத் தந்திரம் இல்லை. செயற்கை நுண்ணறிவுக்கென்று உலகமெங்கும் டேட்டா சென்டர் கட்டுகிறவர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போக, அந்த வருஷக் கடைசியில் விலை மளமளவென்று ஏறிவிட்டது. மைக்ரான் கம்பெனி அதே டிசம்பரில், நம்மைப்போன்றவர்களுக்கு விற்கிற தன் க்ரூஷியல் பிராண்டையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. மதுரையில் தம்பிக்காரன் தன் ஆங்கிலக் கட்டுரைகளை அந்த நுண்ணறிவிடம்தான் எழுதி வாங்குகிறான். அக்காவின் ரேம் விலையை ஏற்றியதில் அவனுக்கும் ஒரு துளி பங்குண்டு.

விளக்கு எரியாத ரேம் ஸ்டாக் இல்லை. கேபினெட்டுக்கும் பக்கவாட்டில் கண்ணாடி, முன்னால் மூன்று வண்ண ஃபேன். வேண்டாத செலவு என்பது என் அபிப்பிராயம். அக்காவுக்கு அன்றைக்குப் பிடித்த ஒரே விஷயம் அதுதான். கார்த்திகைக்கு சீரியல் செட் வாங்க வேண்டாம் என்றாள்.

கேபினெட்டோடு ஒரு எஸ்எம்பிஎஸ் இலவசமாக வரும் என்றார்கள். அதை அங்கேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நல்ல கம்பெனி 650 வாட் ஒன்றைத் தனியாக வாங்கினோம். இலவசமாக வருகிற எஸ்எம்பிஎஸ் போகும்போது தனியாகப் போவதில்லை, கூட மதர்போர்டையும் அழைத்துக்கொண்டு போகும். யூபிஎஸ்ஸும் கணக்குப் பார்த்து எடுக்க வேண்டியிருந்தது. வழக்கமான 600 விஏ என்பது வாட்டில் ஏறத்தாழ 360. ரெண்டர் ஓடும்போது கார்டு மட்டும் 180, பிராசசர், மானிட்டர், மற்றதெல்லாம் சேர்ந்தால் அந்த எல்லையைத் தொட்டுவிடும். கரண்ட் போகிற நிமிஷத்தில், எதற்காக வாங்கினோமோ அதைச் செய்யாமல் கீச்சென்று கத்திவிட்டு அணைந்துவிடும். 1000 விஏ எடுத்தோம். 18 சதவீத ஜிஎஸ்டியோடு முறையாக பில் போடச் சொன்னதும் தம்பி என்னை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

மதுரையில் அதற்குக் கிடைத்த வரவேற்பைப் போனில் கேட்டுக்கொண்டேன். கார்டு பெட்டியில் கேமிங் என்ற இடத்தின் மேல் திருநீறும் சந்தனமும். சித்தப்பா வந்து பார்த்துவிட்டு “ஐ7 இல்லையா?” என்று மட்டும் கேட்டுப் போனாராம். மகள் திரையில் ஒரு ஓரமாக பிராசசர் சூடு எத்தனை என்று காட்டவைத்திருந்தாள். கொஞ்ச நேரம் ரெண்டர் ஓட்டிப் பார்த்ததில் அது 90ஐத் தாண்டியது. இந்த ரகம் 95 டிகிரி வரைக்கும் தாங்கும்படி செய்ததுதான், பயமில்லை என்று அவள் சொன்னது அம்மாச்சி காதில் ஏறவில்லை. “நூறுல தண்ணி கொதிச்சிரும்டி” என்று டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டார். மனிதர்களுக்கு அன்றைக்குக் காற்று கிடையாது.

ஜூரி முடிந்த சாயங்காலம் அக்கா மகளைக் கூப்பிட்டேன். ராத்திரி பதினொன்றுக்குப் போட்ட பத்து படமும் ஒரு மணிக்குள் வந்துவிட்டதாம், எதுவும் மூடிக்கொள்ளவில்லையாம். காலையில் புரொஜெக்டரில் போட்டால், பார்த்துப் பார்த்துச் செய்த செங்கல் சுவர் ரோஸ்மில்க் கலரில் தெரிந்ததாம்.

“அதவிடுங்க மாமா. ஒரு மேடம் பிளானையே பாத்துட்டு, மழை பெஞ்சா பிள்ளைங்க டாய்லெட்டுக்கு எப்படிப் போகும்னு கேட்டாங்க. நடுவுல கூரை போட மறந்துட்டேன்.”

“மரத்தடில நனையாமப் போலாம்னு சொல்லவேண்டியதுதானே?”

“சொன்னேன். சிரிக்கல.”

“அந்தப் பத்துப் படத்தப் பத்தி யாருமே ஒண்ணும் சொல்லலையா?”

“ஒரு சார் மட்டும் கிட்ட வந்து ரொம்ப நேரம் பாத்தாரு. என்ன கார்டுன்னு கேட்டாரு. அவரு பையனுக்கு வாங்கணுமாம். எந்தக் கடை, எவ்வளவு குறைச்சாங்கன்னு உங்ககிட்ட கேட்டுச் சொல்லச் சொன்னாரு மாமா.”