கப்பல் குனிவதில்லை

கேள்வி: இ-சேவை மையம் நடத்துகிறேன். நாள் முழுக்கக் கணினி முன் குனிந்தே கழுத்து வலி. எந்தத் தைலம் நல்லது? – வாசகர், மண்டபம்

பதில்: பக்கத்துப் பாம்பனில் கப்பல் வந்தால் குனிவது யார், கப்பலா? 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தின் ஒரு பகுதியே 17 மீட்டர் எழும்பி வழிவிடுகிறது. உங்கள் திரை அரை அடி எழும்பக்கூடாதா? பழைய லெட்ஜர்களை அடியில் அடுக்குங்கள். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வரட்டும், ஒரு கை நீளம் தள்ளி. பாதம் தரையில் படிய வேண்டும்.

கண்ணுக்கும் ஓய்வு கொடுக்க, 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 விநாடி, 20 அடிக்கு அப்பால் பாருங்கள். மண்டபத்துக்காரருக்குக் கடல் இருக்கிறதே, வேறென்ன வேண்டும்? விரல்கள் மரத்துப்போனால் மட்டும் தைலத்தைத் தேடாதீர்கள், மருத்துவரிடம் போங்கள்.