மூளைக்கு மீன் தலை

எங்கள் கற்பிட்டிப் பக்கம் ஒரு வீட்டில் பிள்ளை ஏ.எல். எழுதப்போகிறதென்றால் முதலில் காணாமல் போவது டிவி ரிமோட். அடுத்தது வாப்பாவின் தும்மல். மூன்றாவது, அந்தப் பிள்ளையின் தூக்கம். முதல் இரண்டும் பரீட்சை முடிந்ததும் திரும்பிவிடும்.

என் மகள் எழுதியது 2022ஆம் ஆண்டுப் பரீட்சை. நாடு இருந்த இருப்பில் அது 2023 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. திகதி அறிவித்த அன்றே அவளுடைய உடம்பு குடும்பத்துப் பொதுச்சொத்தாகிவிட்டது. மாமி பாரை மீன் தலையோடு வந்தார்.

"கண்ணையும் சேத்துச் சாப்பிடுங்க மகள், மூளைக்கு நல்லம்."

தட்டிலிருந்து மீன் அவளைப் பார்த்தது; அவளும் மீனைப் பார்த்தாள். யார் கண்ணில் அதிகக் களைப்பு என்று சொல்ல முடியவில்லை. சாச்சி வல்லாரைச் சம்பல் கொண்டுவந்தார். போத்தலில் ஓதின தண்ணி வந்தது. அடுத்த வீட்டு நானா கையை வீசிக்கொண்டு வந்து புத்திமதி மட்டும் தந்தார்: "எங்கட மச்சான்ட மகன் நாலு மணித்தியாலந்தான் படுத்தான். இப்ப எஞ்சினியர்!" அந்த எஞ்சினியர் இப்போது கல்யாண வீட்டில் பிரியாணி வரும்முன்னே கதிரையில் சாய்ந்து தூங்குவதை ஊரே பார்த்திருக்கிறது.

பதின்ம வயதில் 8 முதல் 10 மணித்தியாலத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். பகலில் படித்ததை மூளை பதியவைத்துக்கொள்வதில் தூக்கத்துக்குப் பெரிய பங்குண்டு. எங்கள் வீட்டிலோ இரவு பத்து மணிக்கு, "தூக்கம் வராம இருக்கும்" என்று சாயம் கூடின பிளேன்டீ. உள்ளே போன கஃபீனில் பாதி கழிய ஏறக்குறைய 5 மணித்தியாலம் ஆகும். விடியக்காலை மூன்று மணிக்கு மகள் படுத்தாலும் அரைக் கோப்பைத் தேத்தண்ணி அவளுக்குள் விழித்திருந்து படிக்கும்.

உண்மையில் அவளைத் தூங்கவைக்கப் பாடுபட்ட ஒரே தரப்பு மின்சார சபைதான். பரீட்சைக் காலத்திலாவது மின்சாரத்தை வெட்டாதீர்கள் என்று மனித உரிமைகள் ஆணைக்குழுவே தலையிட்டுப் பார்த்தது. வெட்டு நிற்கவில்லை. எங்கள் வீதியில் கொஞ்சத் தூரம் போனால் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். 900 மெகாவாற். விளக்கடியில்தான் இருட்டு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? ஆனால் கரண்ட் போன மறு நிமிடம் மாமி சார்ஜ் லைட்டோடு அறை வாசலில் நிற்பார். தடையில்லா மின்சாரம் வந்தது பெப்ரவரி 16, 66 வீதக் கட்டண உயர்வோடு. பரீட்சை முடிந்தது 17. ஒரு நாள் முழுசாக வெளிச்சம் கிடைத்தது, நன்றி மறக்கக்கூடாது.

பரீட்சைகள் திணைக்களத்துக்குப் பிள்ளைகளின் நிலை தெரியும் போலிருக்கிறது. பரீட்சைக்குச் சில நாட்கள் முன்னமே டியூஷன், கருத்தரங்கு எல்லாவற்றையும் தடை செய்துவிடும். அந்தத் தடை மாமிமாருக்கும் சாச்சிமாருக்கும் செல்லாது என்பதுதான் சட்டத்திலுள்ள ஓட்டை.

கடைசியில் மகளே ஒரு சட்டம் போட்டாள். அஸர் தொழுதபின் களப்புக் கரையில் கொஞ்ச நேரம் நடை. கொப்பியைப் பற்றி யாரும் வாய் திறக்கக்கூடாது. இரவு பத்துக்குப் பிளேன்டீ இல்லை, படுக்கை. மீன் தலைக்கு மட்டும் தடையில்லை, அது ருசியாம். கதவில் ஒரு தாளும் ஒட்டினாள்: "வினா 1: தூக்கம். கட்டாயம் விடையளிக்க வேண்டும்."

மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"மகன், இந்தப் பாடத்துக்கு டியூஷன் எங்க வைக்கிறாங்க?"