உயர்திரு ரெப்ளிகேஷன் ஸ்லாட் அவர்களுக்கு ஒரு டிஸ்க்கின் மனு

அனுப்புநர்: மூச்சுமுட்டும் டிஸ்க், முதன்மை சர்வர்.
பெறுநர்: உயர்திரு ரெப்ளிகேஷன் ஸ்லாட் அவர்கள், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்.
பொருள்: தேங்கிய லாக் கோப்புகளைக் கழிக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

2014இல், 9.4ஆம் பதிப்பில், தாங்கள் பொறுப்பேற்றபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். அதற்கு முன், டேட்டாபேஸின் மாற்றங்களைப் பதியும் லாக் கோப்புகளில் எத்தனையை மிச்சம் வைப்பது என்பதை டேட்டாபேஸ் நிர்வாகியான டிபிஏ குத்துமதிப்பாகச் சொல்வார். முதன்மை சர்வரின் நகலான ரெப்ளிகா சற்றே பின்தங்கினால் அதற்கு வேண்டிய கோப்பு இங்கே கழிக்கப்பட்டிருக்கும். காப்பகத்திலும் இல்லையென்றால் முழு நகலை முதலிலிருந்து எடுக்க வேண்டும். தாங்கள் வந்தீர்கள். "ரெப்ளிகா பெற்றுக்கொள்ளும்வரை ஒரு கோப்பையும் தொட விடமாட்டேன்" என்றீர்கள். சொன்ன சொல் தவறவேயில்லை. வினையே அதுதான்.

தங்கள் பொறுப்பிலிருந்த ரெப்ளிகா ஒன்றைச் சோதனைக்காக எழுப்பினார்கள். சோதனை முடிந்ததும் கலைத்துவிட்டார்கள். தங்களிடம் யாரும் சொல்லவில்லை. அன்றுமுதல் 16 எம்பி, 16 எம்பியாகக் கோப்புகள் என்மேல் ஏறுகின்றன. ஐந்து நிமிடத்துக்கொருமுறை செக்பாயின்ட் துடைப்பத்துடன் வந்து, "கழிக்கலாமா?" என்று கேட்கிறார். "பயனாளி இன்னும் கையொப்பமிடவில்லை" என்கிறீர்கள். லாக் கோப்புகளுக்கு 1 ஜிபி வரம்பு உண்டே என்றால், "அது வழிகாட்டுதல்தான், ஆணை அல்ல" என்கிறீர்கள். தங்கள் பதிவேட்டிலேயே அந்த ரெப்ளிகாவுக்கு நேரே "ஆக்டிவ்: இல்லை" என்றிருக்கிறது. பதிவேடு தங்களுடையது, படிக்கத்தான் ஆளில்லை.

நான் நிரம்பினால் என்னாகும் என்பது தாங்கள் அறியாததல்ல. "பேனிக்" என்று ஒரு வரி எழுதிவிட்டு முதன்மை சர்வரே படுத்துவிடும். வராத ஒருவருக்காக, வரிசையில் நிற்கும் அத்தனை பேரையும் அனுப்பிவிட்டு ஷட்டரை இறக்குவது எந்த ஊர் நியாயம்?

பொறுமையிழந்து கையாலேயே கோப்புகளை அழித்தவர்களும் உண்டு. சர்வர் விழுந்தால் எழுந்து நிற்க அவையே ஆதாரம் என்பது பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது. வெறும் லாக் என்று எண்ணி யாரும் அழித்துவிடக் கூடாதென்று, மேலிடம் 2017இல், 10ஆம் பதிப்பில், அக்கோப்புகள் இருக்கும் அடைவின் பெயரிலிருந்து "லாக்" என்பதையே எடுத்துவிட்டது. பெயர்ப்பலகை புதிது, நெரிசல் பழையது.

நிவாரணமே இல்லையென்று சொல்லமாட்டேன். 2020இல், 13ஆம் பதிப்பில், தாங்கள் எவ்வளவு பிடித்துவைக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு வந்தது. இயல்பு மதிப்பு: -1, அதாவது வரம்பில்லை. 2025இல், 18ஆம் பதிப்பில், சும்மா கிடக்கும் ஸ்லாட்டுகளுக்குக் காலக்கெடு வந்தது. இயல்பு மதிப்பு: 0, அதாவது கெடுவில்லை. சட்டம் தயார், அமலாகும் தேதியை மட்டும் டிபிஏ நிரப்பிக்கொள்ள வேண்டும்.

எனவே தாழ்மையுடன் கோருவது:

1. என் கொள்ளளவைப் பார்த்து உச்சவரம்பு விதிக்கவும். மிகக் குறைத்துவிட வேண்டாம். நெட்வொர்க் சற்று நேரம் அறுந்ததற்காக உயிரோடிருக்கும் ரெப்ளிகாவைக் கைவிடுவதும் பாவமே.
2. ரெப்ளிகாவைக் கலைக்கும் நாளிலேயே அதன் ஸ்லாட்டையும் நீக்க உத்தரவிடவும்.
3. ஸ்லாட் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதைக் கண்காணித்து, நான் நிரம்புமுன் டிபிஏவை எழுப்பவும்.

காப்பகத்துக்கு அனுப்ப முடியாத கோப்புகளை என்னிடமே குவித்துவைக்கும் ஆர்க்கைவர் அவர்களைப் பற்றித் தனி மனு வரும்.

இம்மனு கிடைத்ததென எழுத்துமூலம் ஒப்புகை தர வேண்டாம். அதை எழுத என்னிடம் இடமில்லை.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
டிஸ்க்