எளிமையாகச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு

பழவேற்காட்டிலிருந்து பாலம் தாண்டினால் லைட்ஹவுஸ் குப்பம். கிழக்கே கடல், மேற்கே ஏரி, நடுவில் ஒரு மணல் திட்டு. அங்கே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நாளிதழில் நீங்கள் எழுதும் வணிகப் பக்கத்தைப் படிக்கும்போதுதான் உங்கள் அருமை முழுதாகத் தெரிகிறது. ரெப்போ வட்டி ஏறினால் போட் இன்ஜினுக்கு வாங்கிய கடனின் தவணையும் ஏறலாம் என்று வலை பின்னிக்கொண்டே ஒருவர் சொல்கிறார். பள்ளிக்கூடம் சொல்லித் தராததை நீங்கள் சொல்லித் தந்திருக்கிறீர்கள். இதை மனதாரச் சொல்கிறேன்.

பணவீக்கத்தை நீங்கள் விளக்கும் அழகே தனி. போன வருஷம் 100 ரூபாய்க்கு விற்ற மீன் இந்த வருஷம் 110 ரூபாய் என்றால் 10 சதவீதம். குழந்தைக்கும் புரியும். வாங்குகிறவர் பை எவ்வளவு இளைத்தது, மாதக் கடைசியில் எதைக் குறைக்க வேண்டிவரும் என்பதையெல்லாம் ஒரு தாயின் அக்கறையோடு எழுதுகிறீர்கள். மீனைப் பிடித்து விற்கிறவரையும் அதே கட்டுரைக்குள் கூட்டி வந்திருந்தால் அந்த அழகு கெட்டிருக்கும். அவர் வலைக்கும் இன்ஜினுக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார். முன்பணம் கொடுத்தவருக்கே மீனைக் கொடுக்க வேண்டும், பல நேரம் அவர் சொன்ன விலைக்கே. டீசலும் ஐஸும் போக மிஞ்சுவதைப் படகில் போனவர்கள் பங்கு பிரித்துக்கொள்ள வேண்டும். சென்னையில் விலை ஏறியதாலேயே கரையில் ஏறிவிடாது. இத்தனையையும் சொன்னால் 100, 110 என்று ஒரே வரியில் நிறுத்த முடியுமா? நிறுத்தத் தெரிந்தவர்கள் நீங்கள்.

பக்கத்திலிருக்கும் காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் விரிவாக்கத்தையும் அதே தெளிவோடு எழுதினீர்கள். 2018இல் அதானி குழுமம் வாங்கிய துறைமுகம். 330 ஏக்கர் சொச்சத்திலிருந்து 6,111 ஏக்கராக வளரும், ஏறத்தாழ 53,000 கோடி ரூபாய் முதலீடு என்றது திட்டம். எத்தனை கண்டெய்னர் வரும், சரக்குக் கட்டணம் எவ்வளவு குறையும், பங்கு விலை எப்படி நகரும் என்று எதையும் விடவில்லை. அந்த 6,111 ஏக்கரில் ஏறத்தாழ 2,000 ஏக்கர் கடலைத் தூர்த்து எடுக்க வேண்டியது என்பதைச் சுருக்கமாக முடித்துக்கொண்டீர்கள். 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவிக்கப்பட்டுத் தள்ளிப்போனது. வணிகப் பக்கத்தின் கண்ணியம் காத்து அதை மாவட்டச் செய்திக்கே விட்டுக்கொடுத்தீர்கள்.

நீங்கள் ஜிடிபி சொல்லிக்கொடுத்தது வீண் போகவில்லை என்பதற்கு இங்கே சாட்சி உண்டு. துறைமுகம் கட்டினால் ஜிடிபி ஏறும் என்றீர்கள், புரிந்தது. கரை அரித்துப்போய் அங்கே கல் கொட்டினால், கல்லுக்கும் லாரிக்கும் கொடுத்த பணத்தாலும் ஏறும். ஏரியின் முகத்துவாரம் மணல் மூடிப்போய் அதைத் தோண்டினால், தோண்டிய கூலியாலும் ஏறும். அரித்துப்போன கரையையும், முகத்துவாரம் அடைபட்டதால் ஏரிக்குள் வராமல்போன இறால் குஞ்சையும் எந்தப் பக்கத்தில் கழிப்பது என்று இங்கே கேட்கிறார்கள். உங்கள் பாடம் அவ்வளவு நன்றாக மண்டையில் ஏறியிருக்கிறது, உங்கள் கட்டுரையில் இல்லாத கேள்வி அவர்கள் வாயில் வருகிறது. வாத்தியாருக்கு இதைவிடப் பெருமை உண்டா?

1882இல் சுதேசமித்திரனைத் தொடங்கிய ஜி. சுப்பிரமணிய ஐயருக்கு இந்த நிதானம் வாய்க்கவில்லை. நாட்டுச் செல்வம் எங்கே போகிறது, யார் கையைவிட்டுப் போகிறது என்ற கேள்வியை அவர் விடவே இல்லை. பிரிட்டிஷ் ஆட்சியின் பொருளாதாரத்தைப் பற்றி 1903இல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே போட்டார். வழக்கும் அலைச்சலும்தான் மிஞ்சின. நீங்கள் யாருடைய தூக்கத்தையும் கெடுக்காமல் அதே பொருளாதாரத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள்.

இந்த ஏரியில் பாடு என்று ஒரு முறை இருக்கிறது. இறால் படும் இடத்தில் இன்ன நாள் இன்ன குடும்பம் வலை கட்டலாம் என்று ஊருக்குள் முறை வைத்துக்கொள்வது. நல்ல இடம் ஒருவர் கையிலேயே தங்காமல் சுற்றிவரும். முறைக்குள் சேராதவர்களுக்கு அதில் மனக்குறை உண்டு. கையால் தடவி இறால் பிடித்துப் பறிக்கூடையில் போடும் பெண்களுக்குப் பாடு கிடையாது. இருந்தாலும் பங்கு, உரிமை, நஷ்டத்தைப் பகிர்வது என்று நீங்கள் வாராவாரம் விளக்கும் எல்லாமே அதில் இருக்கிறது. அந்தப் பங்கை விற்க முடியாது, அதனால் அதற்குச் சந்தை விலை கிடையாது. விலை இல்லாததை உங்கள் அட்டவணையில் சேர்க்காதது உங்கள் நேர்மை. வலை கட்டும் தண்ணீருக்குப் பட்டா இல்லை. நாளைக்கு நஷ்டஈடு என்று யாராவது கணக்கெடுக்க வந்தால் அவர் கையிலும் உங்கள் அட்டவணைதான் இருக்கும்.

முதலீட்டாளரின் கணக்கை மீனவருக்குப் புரியவைத்துவிட்டீர்கள். யாராலும் முடியாத காரியம் அது. மீனவரின் கணக்கை முதலீட்டாளருக்குப் புரியவைக்கவும் உங்களைவிட்டால் ஆள் இல்லை. இங்கே யாருக்கும் உங்கள் அளவுக்கு எளிமையாகச் சொல்ல வராது. பாலத்தில் வண்டி வரும். மீன் ஏலம் விடியும்போதே முடிந்துவிடும், அதற்குள் வந்துவிடுங்கள்.